ஜனவரியில் எந்த வயல் எரிகிறது?

அன்புள்ள ஐயா,
டெல்லி துவாரகாவில் ஆறு வருடமாக இருக்கிறோம். தீபாவளி முடிந்ததும் மகளுக்கு இருமல் ஆரம்பித்துவிடுகிறது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கலாமா, திருச்சிக்கே திரும்பிவிடலாமா? வயலைக் கொளுத்தும் பஞ்சாப்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மெஷின் வாங்குங்கள், குழந்தை தூங்கும் அறையில் வையுங்கள். ஊர் திரும்புவது உங்கள் குடும்பக் கணக்கு. ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அக்டோபர் கடைசியில் பஞ்சாபில் சங்ரூர் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் தங்கியிருந்தேன். அறுவடை மெஷின் போன வயலில் அடித்தாள் அப்படியே நின்றது. கோதுமை விதைக்க அவருக்கு மிஞ்சியது இரண்டு மூன்று வாரம். நம் ஊரில் போல மாட்டுக்குப் போடலாமே என்றேன். இந்த நெல்லின் வைக்கோலை மாடு சீந்தாது என்றார். சாயங்காலம் தீ வைத்தபோது முதல் புகை அவர் வீட்டுக்குள்தான் போனது, அவர் பேத்திதான் முதலில் இருமினாள். அவரையா உள்ளே போடச் சொல்கிறீர்கள்? எழுதும்போது கை கூசவில்லையா? நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் பஞ்சாப் அரசே சட்டம் போட்டு, ஜூன் 10க்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்றது. நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும்தானே? தீ வைக்கும் நாள் நவம்பர் குளிரோடு வந்து சேர்ந்துகொண்டது. வடமேற்குக் காற்று புகையை டெல்லிக்குக் கொண்டுவரும் நேரத்தில் அங்கே குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக் கிடக்கிறது, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல உட்கார்ந்திருக்கிறது, புகை எங்கே போகும்?

சரி, நவம்பரில் அந்தப் புகைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஜனவரியில்? அப்போது பஞ்சாப் முழுக்கப் பச்சைக் கோதுமை. டெல்லிக்கு அப்போதும் மூச்சு முட்டுகிறதே! உங்கள் மகள் சுவாசிக்கும் நுண்துகளில் கணிசமான பங்கு, கிளம்பும்போது துகளே இல்லை, வாயு. நிலக்கரியிலிருந்து கந்தக டை ஆக்சைடு, வண்டிகளிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு, யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் அம்மோனியா. போகிற வழியில், மூடுபனியின் ஈரத்தில், ஒன்றோடொன்று சேர்ந்து சல்பேட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறிப் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்குகிறது. புகைபோக்கியைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் விவசாயியின் தீ மட்டும் தெரிகிறது.

அனல்மின் நிலையங்கள் கந்தகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. 2017க்குள் முடிக்க வேண்டிய வேலை. தள்ளிக்கொண்டே போய், 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு யாரையாவது உள்ளே போட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா?

குழந்தைக்கு இருமல் விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள்.