அவரிடம் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு 61 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதமாகவே இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். காலும் வீங்கியது. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். போன வாரம் விடியற்காலையில் மூச்சே விட முடியாமல் போய், மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் 25 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார். அப்பா தாங்கமாட்டார், அவரிடம் சொல்லாதீர்கள் என்று என் மகன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டான். நுரையீரலில் சளி என்று சொல்லி வைத்திருக்கிறோம். மகன் பெங்களூருக்குப் போய்விட்டான், சனிக்கிழமை வருவான்.

இவரோ உப்பில்லாத சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிடுகிறார். சளிக்கு எதற்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறாய் என்று கத்துகிறார். காலமெல்லாம் பீடி குடித்தவர், சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள் நான். இரவு கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்து அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் வருகிறது. இந்த நேரத்தில் கோபப்படுவது பாவமில்லையா? அவரிடம் உண்மையைச் சொல்வதா, வேண்டாமா?

பெயர் வேண்டாம்,
திண்டுக்கல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகனின் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, முடிவில்தான் உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோய் தெரிந்திருக்கும். சித்தப்பாவுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும், கட்டிலில் படுத்திருப்பவருக்கு மட்டும் சளி. சில நோய்களில் இந்த நாடகத்தால் பெரிய சேதம் வராமல் போகலாம். குடல்வாலை அறுத்தெடுக்கும் சர்ஜனுக்கு நோயாளியின் ஒத்துழைப்பு மயக்க ஊசி வரைக்கும் போதும். ஹார்ட் ஃபெயிலியர் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்துபோவது, அப்படிப்பட்டதல்ல. வீட்டுக்குப் போன பிறகு வைத்தியத்தில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. என்ன நோய் என்றே தெரியாதவர் அந்தப் பாதியை எப்படிச் செய்வார்? சளிக்கு எதற்கு அளந்த தண்ணீர் என்று அவர் கேட்பது மிகச் சரியான கேள்வி. பதில் சொல்ல முடியாததால்தான் நீங்கள் மனைவியாக இருக்க வேண்டிய இடத்தில் காவல்காரராக நிற்கிறீர்கள்.

முதலில் அந்த 25. பரீட்சை மதிப்பெண்போல அதை நூற்றுக்கு என்று படிக்காதீர்கள். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை பங்கு வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தாலே அது திடமான இதயம். 25 என்பது குறைவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் அது கல்வெட்டு அல்ல. தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்டு அந்த எண் மேலே வந்தவர்கள் நிறைய உண்டு.

இதயம் தள்ளுவது குறைந்தால், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அந்த நீர் பகலில் காலில் இறங்கி வீக்கமாகிறது. இரவில் படுத்ததும் மேலே ஏறி நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டுகிறது. உங்கள் கணவர் எழுந்து உட்கார்ந்தது இதனால்தான். உப்பைக் குறைப்பது, தண்ணீரை அளப்பது, காலையில் லாசிக்ஸ் ஊசி போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவது எல்லாம் இந்த ஒரே சங்கதிக்காக. ஐந்து நிமிடத்தில் அவருக்கு விளங்கிவிடும். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவரிடம், என்ஜினுக்கு இழுவை குறைந்திருக்கிறது, இனி பாரம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னால் போதும். அத்தகைய வண்டியை மலைப்பாதையில் எப்படிக் கொண்டுபோவது என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் மருத்துவன் அல்ல. இதே நோய்க்காக என் மனைவியின் கட்டிலருகே அட்டெண்டராக இருந்தவன். ஊசி போட்ட பிறகு எத்தனை மில்லி சிறுநீர் போகிறது என்று அளந்து எழுதச் சொல்லி, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை நர்ஸ் கொடுத்தார். நான் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எத்தனையோ வருடம் குடித்தனம் நடத்தியும் எங்களுக்குள் அந்தக் கூச்சம் மிச்சம் இருந்தது. ஒருநாள் காலை என்னிடமிருந்து நோட்டை வாங்கி, உங்கள் கையெழுத்து டாக்டருக்குப் புரியாது என்று சொல்லி அவளே எழுத ஆரம்பித்தாள். அதன் பிறகு தண்ணீர் கேட்டுச் சண்டை வரவில்லை. கணக்கு அவளுடையதாகிவிட்டது.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். எழுதுவது அவராக இருக்கட்டும். எத்தனையோ வருடம் நேரம் பார்த்து வண்டி எடுத்தவருக்கு இது புதிய வேலையல்ல. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர் எடை எவ்வளவு என்று கேட்டு முதல் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். எடை பார்க்கும் மெஷின் ஒன்றும் வாங்கிவிடுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், ஒரேமாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். போன வாரம் விடியற்காலையில் வந்ததைப் போன்ற ஒன்றைப் பல சமயம் இந்த எடை நாள்கணக்கில் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் திரும்பவும் மருத்துவமனைக்கு ஓட வைப்பவை. ஆகவே ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி வந்து காட்டும் தேதியை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று கேட்டாக வேண்டும். இதயத்தின் தள்ளும் சக்தி குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துத் தருவதுதான் வழக்கம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013இல் இதே நோயோடு மருத்துவமனைகளில் சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61, உங்கள் கணவரின் வயது. அவர்களில் தள்ளும் சக்தி குறைந்தவர்களை எடுத்துக்கொண்டால், அன்றைய நெறிமுறைப்படி தர வேண்டிய மருந்துகளோடு வீடு திரும்பியவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். அதனால், இவருக்குத் தர வேண்டியவை எல்லாம் சீட்டில் இருக்கின்றனவா, ஏதாவது விடுபட்டிருந்தால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் இருந்தால், சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை மாத்திரையா என்று மருந்துக்கடை வாசலில் பதறாதீர்கள். அது இப்போது இதயத்துக்கும் தரப்படுகிறது. நன்றாக மூச்சு விடுகிறேன், இனி எதற்கு மாத்திரை என்று அவர் சொல்லும் நாள் கட்டாயம் வரும். மூச்சு நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை நோய் தெரிந்தவரிடம்தானே சொல்ல முடியும்?

சாப்பாட்டில் வெறும் உப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. இந்துப்பும் உப்புத்தான். சோடியம் குறைத்தது என்று கடையில் விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இவர் சாப்பிடப்போகும் சில மாத்திரைகள் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. பார்க்க வருகிறவர்கள் பாசத்தோடு வாங்கிவரும் இளநீருக்கும் இதே கதைதான். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், வாங்கி வந்தவர்களையே குடிக்கச் சொல்லிவிடுங்கள். முழங்கால் வலி என்று மருந்துக்கடையில் அவராக வலிமாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அது இன்றோடு நிற்க வேண்டும். அந்த மாத்திரைகளில் பலவும் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீட்டில் அவருக்கு மட்டும் தனிக்குழம்பு வைக்காதீர்கள். எல்லோருக்கும் உப்பு குறைந்தால் அவர் தட்டைத் தள்ளுவதற்குக் காரணம் இருக்காது, சில வாரத்தில் நாக்கும் பழகிவிடும்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் பாவம் எதுவும் இல்லை. சொன்ன பேச்சைக் கேளாதவருக்காகப் பாயில் படுத்துக் கண்விழிக்கும் யாருக்கும் அது வரும். பீடிப் பேச்சை மட்டும் கட்டிலருகே எடுக்காதீர்கள். அந்தக் கணக்கை அவர் ஏற்கெனவே மனதுக்குள் போட்டுக்கொண்டிருப்பார். இனி அதைத் தொடக்கூடாது என்று டாக்டரே சொல்லட்டும். உங்கள் அக்காவோ தோழியோ யாராவது இருந்தால், காரிடாருக்குப் போய் போனில் அவரைப் பற்றி வாய்நிறையத் திட்டிவிட்டு வாருங்கள். நானும் செய்திருக்கிறேன்.

டாக்டரிடம் காலை ரவுண்ட்ஸில் இதைப் பேசாதீர்கள். பத்துப் பேர் சூழ்ந்து நிற்க நின்றபடி சொல்லும் செய்தியல்ல இது. உட்கார்ந்து பேச மாலையில் பத்து நிமிடம் தனியாகக் கேளுங்கள். சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்களும் மகனும் பக்கத்தில் இருந்தால் போதும். சளி என்று சொன்னது ஏன் என்று அவர் கேட்டால், பயத்தில் சொன்னோம் என்று நீங்கள் இருவருமாகவே சொல்லுங்கள், மகனை மட்டும் மாட்டிவிடாதீர்கள். சனிக்கிழமை மகன் வந்ததும் இந்தக் கடிதத்தை அவனிடம் படிக்கக் கொடுங்கள். அன்று இரவு பாயில் அவன் படுக்கட்டும். கடைசி பஸ்ஸைப் பிடித்து நீங்கள் திண்டுக்கல்லுக்குப் போய்த் தூங்குங்கள்.