சுவிஸ் மலைக்குக் குளிர்காலத்தில் போகிறோம், ஸ்கீயிங் தெரியாது. வேறு என்ன செய்யலாம்?

டிசம்பர் கடைசி வாரம் அம்மா, மனைவி, பத்து வயது மகனோடு சுவிஸ் வருகிறோம், யாருக்கும் ஸ்கீயிங் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை, ரயிலிலேயே போகக்கூடிய யுங்ஃப்ராவ்யோக் பனிமலை உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையவே இருக்கிறது. சூரிக்கில் குடியிருக்கும் எனக்கும் ஸ்கீயிங் வராது, ஆனால் குளிர்காலத்தில் மலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. நவம்பர் வந்துவிட்டால் இங்கே கீழே நாள்கணக்கில் சாம்பல் மூட்டம் கவிந்து கிடக்கும், அதே நேரம் மேலே பளீரென்று வெயிலடிக்கும். அந்த வெயிலுக்காகவே ஏறுகிறவர்கள்தான் பாதிப் பேர்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பெர்க்யூன் என்ற மலை ஊருக்குப் போங்கள். சூரிக்கிலிருந்து கூர் நகரம் வரை ஒரு ரயில், அங்கிருந்து சிவப்பு நிற மலை ரயில். அது போகும் ஆல்புலா பாதை 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெர்க்யூனில் இறங்கி பனியில் உட்கார்ந்து சறுக்கும் மர வண்டியான ஸ்லெட்ஜை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மறுபடி ரயிலேறி பிரேடா என்ற குட்டி ஊர் வரை போக வேண்டும். இரண்டு ஊருக்கும் உயர வித்தியாசம் சுமார் 400 மீட்டர். அதை ஒரேயடியாக ஏற முடியாமல் ரயில் மலைக்குள்ளேயே வட்டமடித்து, பாலம் தாண்டி, மறுபடி சுரங்கத்துக்குள் நுழைந்து ஏறும். எந்தப் பக்கம் போகிறோம் என்பதே குழம்பிவிடும். பிரேடாவில் மொத்த ரயிலும் ஸ்லெட்ஜைத் தூக்கிக்கொண்டு இறங்கும். அப்புறம் 6 கிலோமீட்டர், கீழே பெர்க்யூன் வரை சறுக்கல்தான். பாதை என்பது வேறொன்றுமில்லை, கோடையில் கார் ஓடும் ஆல்புலா கணவாய்ச் சாலை. குளிர்காலத்தில் வண்டிகளுக்கு மூடிவிட்டுப் பனியை அமுக்கி ஸ்லெட்ஜுக்கு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கீழே சறுக்கிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே கல் பாலத்தில் அடுத்த ரயில் ஏறிப் போகும். சில நாட்களில் இரவிலும் விளக்கு போட்டுத் திறந்து வைக்கிறார்கள்.

ஆனால் இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பனி இறுகிக் கிடக்கும் நாளில் ஸ்லெட்ஜ் சைக்கிளைவிட வேகமாகப் போகும், அதில் பிரேக் என்று ஒன்று கிடையாது, உங்கள் கால்தான் பிரேக். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கயிற்றைக் கையில் பிடித்து, இடப்பக்கம் திரும்ப இடது பாதத்தைப் பனியில் உரச வேண்டும், வலப்பக்கம் என்றால் வலது பாதம். நிற்பதற்கு இரண்டு பாதத்தையும் அழுத்தி ஊன்ற வேண்டும். அப்போது பனித்தூள் அப்படியே முகத்தில் வந்து அடிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாவிட்டால் சரியாக நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் ஒன்றும் தெரியாது. ஹெல்மெட் கண்டிப்பாக வேண்டும், அதையும் வாடகைக்கு எடுக்கலாம். கணுக்காலை மூடும், அடியில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் போடுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், அரை மணி நேரத்தில் நனைந்து விறைத்துவிடும். பையன் முதல் தடவை உங்கள் ஸ்லெட்ஜிலேயே வரட்டும்.

அம்மாவுக்கு இது சரிப்படாது, அவருக்கு நடைதான். பனியில் எப்படி நடப்பது என்று பயப்பட வேண்டாம். குளிர்கால நடைபாதைகளில் இயந்திரம் விட்டுப் பனியைச் சமன் செய்துவைத்திருப்பார்கள், ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பலகை வழி காட்டும். கிரிண்டெல்வால்டு என்ற மலை ஊரிலிருந்து கேபிள் காரில் மென்லிஹென் மலை ஏறி, அங்கிருந்து கிளைனே ஷைடெக் வரை நடக்கிற பாதையைத்தான் நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். நடக்க நடக்க ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்ற சிகரங்கள் மூன்றும் எதிரிலேயே நிற்கும், முடிகிற இடத்தில் ரயில் நிலையம் இருப்பதால் அம்மா திரும்பி நடக்க வேண்டியதில்லை. காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை ஒரு ஜோடி அவருக்கு வாங்கிவிடுங்கள். கேபிள் காருக்கு முழுநாள் ஸ்கீ பாஸ் எடுத்துவிடாதீர்கள், நடப்பவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டு, கேட்டால்தான் சில கவுண்டர்களில் சொல்வார்கள்.

கிரிண்டெல்வால்டு போனால் வெலோகேமெல் என்ற மர வண்டியை விட்டுவிடாதீர்கள். பார்க்க சைக்கிள் மாதிரியே இருக்கும், சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை, பெடல் கிடையாது. அந்த ஊர்த் தச்சர் ஒருவர் 1911இல் காப்புரிமை வாங்கிய வடிவம், தபால்காரர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அதில்தான் போய் வந்திருக்கிறார்கள். ஹேண்டில்பார் இருப்பதால் ஸ்லெட்ஜைவிடத் திருப்புவது எளிது. உங்கள் பையன் இறங்க மாட்டான்.

கால் புதையாமலிருக்க காலணிக்கு அடியில் கட்டும் அகலமான ஸ்னோ ஷூ மாட்டிக்கொண்டு ஆழமான பனியில் நடப்பதும் நல்ல அனுபவம்தான், ஆனால் குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகாதீர்கள். ஒன்று, பனிச்சரிவு. தாவோஸில் உள்ள ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது, அபாயம் 1 முதல் 5 வரை. அந்த எண்ணைப் பார்த்துப் புரிந்து முடிவெடுக்க அனுபவம் வேண்டும், வழிகாட்டியோடு போவதே உத்தமம். இன்னொன்று, காட்டு விலங்குகள் குளிர்காலத்தில் சேமித்த கொழுப்பில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், நாம் போய் விரட்டினால் அது வீணாகும். அதற்காகவே சில பகுதிகளில் நுழையத் தடை உண்டு.

சமதரையில் போகும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கும் இருக்கிறது, கோம்ஸ், எங்கடின் பள்ளத்தாக்குகள் அதற்குப் பேர்போனவை. பார்க்க எளிதாகத் தெரியும், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். ஒரு வாரப் பயணத்தில் நான் இதைச் சேர்க்க மாட்டேன். செயின்ட் மோரிட்ஸில் உறைந்த ஏரி மேல் நடக்கும் குதிரைப் பந்தயம் பிப்ரவரியில்தான், உங்களுக்குக் கிடைக்காது.

உடம்பு வலித்தால் வெந்நீர் ஊற்றுகள் உள்ள லாய்க்கர்பாத் ஊர். சுற்றிலும் பாறைச் சுவர், நடுவே ஆவி பறக்கும் வெந்நீர்க் குளம், தலையில் பனி விழ விழக் கழுத்தளவு நீரில் கிடக்கலாம். அம்மா நீந்த வேண்டியதில்லை, ஆனால் நீச்சலுடை கட்டாயம், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் கூட்டம் தாங்காது, அறையை இப்போதே பிடித்துவிடுங்கள். பனி குறைந்த வருஷம் டிசம்பரில் ஸ்லெட்ஜ் பாதை திறக்காமலும் போகலாம், அதனால் பெர்க்யூனுக்கு ஒரே தேதியைக் குறித்து வைக்காமல், அன்று காலை பாதை திறந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.