அந்தப் பேப்பரில் கையெழுத்து வைக்க வேண்டாம், தங்கச்சி

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவுக்கு வந்து இரண்டு வருடம், கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை, கணவர் வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம். "ஜீவனாம்சம் ஒன்றும் வேண்டாம்" என்று எழுதித் தந்தால் மரியாதையாக முடிப்போம், இல்லாவிட்டால் பிஆரை, அதாவது நிரந்தர வதிவிட உரிமையை, ரத்துச் செய்விப்போம் என்று அவருடைய ஆட்கள் சொல்கிறார்கள். காசு கேட்பது சரியா, கேட்டால் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பிஆர். அதை ரத்துச் செய்கிற அதிகாரம் அவருக்கும் இல்லை, அவருடைய மாமா மச்சானுக்கும் இல்லை. ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட்டவரோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை முன்பு சிலருக்கு இருந்தது. 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். உண்மையாகக் கல்யாணம் கட்டி வந்தவரின் பிஆர், பிரிந்ததற்காகப் போகாது. உங்கள் அடிப்படைத் தேவைகளுக்கு 3 வருடம் பொறுப்பு என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைத்தவர் அவர். விவாகரத்து ஆனாலும் அந்தக் கையெழுத்து அழியாது.

இப்படி ஒரு பேப்பர் எனக்கும் வந்தது. 2009, மாசி மாதம், ஸ்காபரோவில் எங்கள் சமையலறை மேசை. என் கணவரின் பெரியப்பா பேனையின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகி என் கையில் தந்தார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் நான்தான். ஒன்பது வருடக் கல்யாணம். கணவர் கணக்காளர் பரீட்சைகளுக்குப் படித்த காலம் முழுக்க நான் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். அந்தச் சம்பளத் துண்டுகள் ஒரு நீல பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தன. நான் கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த கிழமை ரின்னோடு லோயரிடம் போனேன். துண்டுகளை வருடவாரியாக அடுக்கிவிட்டு அவர் கேட்டார்: "இந்த வருடங்களில் நீங்கள் என்ன படித்திருப்பீர்கள்?" அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

1992இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்த மோஜ் வழக்கைப் பற்றி அவர்தான் சொன்னார். போலந்திலிருந்து 1960இல் இங்கே வந்த குடும்பம். மனைவி 7ஆம் வகுப்புவரைதான் படித்தவர். பகலில் வீடும் பிள்ளைகளும், இரவில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. பிரிந்து பல வருடம் ஆகிவிட்டது, இனிக் காசு கொடுக்க மாட்டேன் என்று கணவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்பத்துக்காக ஒருவர் இழந்ததை இரண்டு பேரும்தான் பங்கிட வேண்டும் என்றது. நம்மைப் போல வந்திறங்கிய ஒரு பெண்ணின் வழக்கு அது. அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை, ஆகையால் ஜீவனாம்சக் கணக்குச் சுலபம். சேர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும், இரண்டு பேரின் வரிக்கு முந்திய வருமான வித்தியாசத்தில் 1.5 முதல் 2 வீதம். வித்தியாசம் 40,000 டொலர், ஒன்பது வருடம் என்றால் மாதம் 450 முதல் 600 டொலர், நாலரை முதல் ஒன்பது வருடம் வரை. இது சட்டம் அல்ல, வழிகாட்டிதான். ஆனாலும் நீதிபதிகளும் லோயர்களும் இதை வைத்துத்தான் கதைப்பார்கள்.

உங்களுக்குப் பிள்ளை இருப்பதால் கணக்கு வேறு. முதல் உரிமை பிள்ளையின் காசுக்கு. அவருடைய வருமானத்தை வைத்து அதற்கென்று அட்டவணையே இருக்கிறது. அதை நீங்களே விரும்பினாலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க முடியாது, அது பிள்ளையின் உரிமை. அதற்குப் பிறகுதான் உங்களுக்கான பங்கு. சில வேளை மிஞ்சுவது கொஞ்சமாக இருக்கும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கல்யாணம் குறுகியது என்றாலும், பிள்ளை முழுநேரம் பள்ளிக்கூடம் போகும்வரையாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். பிள்ளையின் காசுக்கு வரி இல்லை. உங்களுக்கு மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்துக்கு வரி உண்டு, கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

கையில் காசு வாங்கி வேலை செய்துவிட்டு வருமானம் இல்லை என்று காட்டுவாரோ என்று பயந்திருக்கிறீர்கள். நீதிபதி அவருக்கு ஒரு வருமானத்தைத் தானே தீர்மானிக்கலாம். தீர்ப்பு வந்தபின் காசை அறவிடுவது எஃப்ஆர்ஓ என்ற ஒன்ராறியோ அரசாங்க அலுவலகம். சம்பளத்தில் பிடிப்பார்கள், கட்டாமல் விட்டால் வாகனம் ஓட்டும் லைசென்ஸையும் நிறுத்தி வைப்பார்கள்.

இந்தக் கிழமையே லீகல் எயிட் என்ற சட்ட உதவி நிறுவனத்துக்கு அழையுங்கள், தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அடி, மிரட்டல் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், அதற்கு இலவச ஆலோசனை தனியாக உண்டு. பிரிந்து 90 நாள் தாண்டிவிட்டதால் வரித் திணைக்களத்துக்கும் உடனே அறிவியுங்கள், பிள்ளைக்கான அரசாங்கக் காசு கூடலாம். அவருடைய மூன்று வருட வரிக் கணக்கைப் பார்க்காமல் எந்தத் தொகைக்கும் சரி என்று சொல்ல வேண்டாம்.

அப்புறம், அந்தப் பேப்பரைக் கிழிக்க வேண்டாம். தந்த திகதியையும் யார் யார் இருந்தார்கள் என்பதையும் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பிஆர் பற்றி வாட்ஸ்அப்பில் வந்தவற்றையும் அழிக்காதீர்கள். லோயர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.