செட்டிநாட்டில் பொதுக் கலைக்கும் பசுமைக் கட்டடத்துக்கும் அனுமதி தரும் குழு எதைப் பார்க்க வேண்டும்?

காரைக்குடி மாதிரி ஊரில் நகரத் திட்டக் குழு ஒன்று உட்கார்ந்து, சுவரோவியம், சிலை போன்ற பொதுக் கலைத் திட்டங்களையும் பசுமைக் கட்டட வரைபடங்களையும் பரிசீலித்தால், எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டையும் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்கவே கூடாது.

காரணத்தை ஒரு சுவரை வைத்தே விளக்கலாம். இங்கே பழைய வீட்டுச் சுவர் என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி எல்லாம் சேர்த்துப் பல பூச்சாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. வழுவழுவென்று ஆகும்வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் வளவுக்குள், அதாவது வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றப் பகுதிக்குள் போய் அந்தச் சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும்.

இப்போது தெருப்பக்கச் சுவரில் ஓவியம் வரைகிறோம் என்று எமல்ஷன் பெயிண்டை அடித்தால் என்ன ஆகும்? ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். முதலில் பெயிண்ட் கொப்புளிக்கும், அப்புறம் உப்புப் பூக்கும். விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். அது வந்துவிட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம், ஒருநாள் பாளம் பாளமாக விழும். படத்தைத் திரும்ப வரைந்துவிடலாம். பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரை எங்கே போய்த் தேடுவது?

கலைக்கென்று தனிக் குழு இருந்தால் படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கட்டடக் குழுவோ, பெயிண்ட் தன் வேலை இல்லை என்று விட்டுவிடும். இடையில் மாட்டிக்கொள்வது சுவர். டெல்லியில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நகர்ப்புறக் கலை ஆணையம் கட்டட வடிவமைப்பையும் பார்க்கிறது. அந்த முறை நமக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும். இங்கே வீட்டு முகப்பில் இருக்கும் கஜலட்சுமி சுதைச் சிற்பம், சுவர் கட்டிய அதே சுண்ணாம்பில் செய்தது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்ட்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. இதில் கலை எது, பசுமை எது என்று பிரிக்க முடியுமா?

பசுமைக் கட்டடம் என்று வரும் வரைபடங்களில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, மொட்டை மாடியில் சோலார் தகடு காட்டியிருந்தால் நான் உடனே திருப்பி அனுப்பச் சொல்வேன். நம் ஊர் வெயிலுக்கு அந்தத் தகடு தரும் மின்சாரத்தில் பெரும்பங்கை ஏசியே தின்றுவிடும். பழைய வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் நேராக இருப்பதால் காற்று ஓடும். ஓட்டுத் தண்ணீர் வளவில் இறங்கும், மிச்சம் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும். புது வரைபடத்தில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். கூடவே தெருவின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, படி ஏறிப் போன வீடுகள் இப்போது தெருத் தண்ணீரை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

2014லேயே செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. காரைக்குடி 2024ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இனி விண்ணப்பங்கள் நிறைய வரும். கம்ப்யூட்டரில் போட்ட படத்தைப் பார்த்து யாருக்கும் கையெழுத்துப் போடக் கூடாது. இரண்டடிக்கு இரண்டடி மாதிரிப் பூச்சு அந்த இடத்திலேயே பூசிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு ஐப்பசி கார்த்திகை மழை பார்க்கட்டும், பிறகு அனுமதி கொடுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 1959லேயே கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கச் சட்டம் போட்டது. இங்கே அப்படி ஒதுக்கினால் அதைச் சுதை வேலைக்கும் சுண்ணாம்பு வேலை பழக வரும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். குழுவில் ஒரு கொத்தனாருக்கும் ஒரு சுதைக் கலைஞருக்கும் நாற்காலி போட்டு, ஓட்டும் கொடுத்து, கூட்டத்துக்கு வரும் நாளுக்கு அவர்களுடைய கூலியையும் கொடுத்துவிட வேண்டும்.