கருங்கல் போலத் தெரியும் கான்கிரீட் தூண்: கேள்வி பதில்

வேலிக்கும் கேட்டுக்கும் கல் தோற்றத்தில் தூண் வார்ப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். குவிந்துவிட்டது. வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி: அண்ணா, தோட்டத்து வேலிக்கு ஆறடித் தூண், கருங்கல் மாதிரி வேணும். வீட்லயே வார்க்கலாமா?

பதில்: தாராளமாக. அரையடி சதுரத் தூணுக்கு நான்கு 8 எம்எம் கம்பி, அரையடிக்கு ஒரு 6 எம்எம் ரிங். கலவை 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி), ஜல்லி அரை இன்ச். சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீரைத் தாண்டக் கூடாது. எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கலவை இறுகலாக இருக்கிறதே என்று யாராவது குடத்தோடு வருவார்கள். விரட்டுங்கள்.

கம்பிக்கு வெளியே 25 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும். தோற்றத்துக்காக மேடு பள்ளம் வைக்கிறோம் அல்லவா, அந்த 25ஐ ஆழமான பள்ளத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். மேட்டிலிருந்து அளந்துவிட்டு, ரெண்டு மழையில் துரு வடியுது என்று பிறகு வந்து கேட்காதீர்கள்.

இனி தோற்றம். மறுநாள் அச்சைப் பிரித்ததும், தூணைத் தூக்காமல் கிடந்த இடத்திலேயே கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மேலே படிந்த சிமெண்ட் பால் போய் மணலும் ஜல்லி முனையும் தெரியும். மூலைகளை உளியால் லேசாகத் தட்டி உடையுங்கள். கத்தி மாதிரி நேராக நிற்கும் மூலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நிஜக் கல்லுக்காலை உற்றுப் பாருங்கள்: ஒரு ஓரத்தில் கல் உடைப்பவர் ஆப்பு இறக்கிய அரைக்குழிகள் வரிசையாக இருக்கும். அச்சின் பக்கப் பலகையில், மேல் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி, ஒரு சாணுக்கு ஒன்றாக, பாதியாகப் பிளந்த விரல் நீளக் குச்சிகளை ஆணியடித்து வையுங்கள். அந்தத் தடம் அப்படியே விழும். இதைப் பலர் செய்வதில்லை. செய்த தூணைத் தட்டிப் பார்த்துத்தான் சிமெண்ட் என்று நம்புவார்கள்.

கேள்வி: சார், என்ன பெயிண்ட் அடிக்கலாம்?

பதில்: பெயிண்ட்டை மறந்துவிட்டு அயர்ன் ஆக்சைடு பொடியைக் கலவையிலேயே போடுங்கள். சிமெண்ட் எடையில் 5 சதவீதம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு இரண்டரை கிலோ வரை. முழுத் தூணும் ஒரே கருப்பாக இருந்தால் தார் பூசியது போல இருக்கும். உடம்பு சாம்பல் நிறம், பள்ளங்களில் மட்டும் கருப்புப் பொடிக் கரைசலை ஓடவிட்டு மேட்டை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் நிறம் வெளுக்கும், துண்டு வார்த்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: கல் உப்பைத் தூவி அழுத்தி, அப்புறம் கழுவினா குழி குழியா அசல் கல் மாதிரி வருதே? வீடியோல பார்த்தேன்.

பதில்: வரும். கம்பி இல்லாத நடைபாதைத் தளத்துக்கு அது சரி. தூணுக்குள் கம்பி இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியை அரிக்கும். துரு உப்பி மேல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். குழி வேண்டுமென்றால் தென்னந்துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் குத்துங்கள்.

கேள்வி: ஒரு கைப்பிடி உப்புதானே அண்ணா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: நான் கிருஷ்ணகிரி. எங்க பக்கம் நிஜக் கல்லுக்காலே கிடைக்குது. எதுக்கு இந்தப் போலி?

பதில்: உங்களுக்குத் தேவையே இல்லை ஐயா, கல்லையே நடுங்கள். நாகப்பட்டினத்தில் இருப்பவர் லாரி வாடகை கொடுத்துக் கல் இறக்குவதா என்பதுதான் கேள்வி.

அவரே மறுபடி: சிமெண்ட் தூண் எடை குறைவுன்னு விக்கிறாங்களே, அதுவும் பொய்தானே? கல்லுக்குக் கம்பியும் கிடையாது, துருவும் கிடையாது.

பதில்: எடை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆறடி, அரையடி சதுரக் கருங்கல் ஏறக்குறைய 110 கிலோ. அதே அளவு கான்கிரீட் 100 கிலோவுக்குப் பக்கம். இதைப் பெரிதாகச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். துருவும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிராக்டர் பின்னால் வந்து இடித்தால் கல் மளுக்கென்று இரண்டாகும். கான்கிரீட் விரிசல் விட்டாலும் கம்பி பிடித்துக்கொள்ளும்.

‘போலி’ என்றீர்கள், அதற்கு மட்டும் ஒரு பதில். 1867இல் கம்பி வைத்த சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிய பிரான்ஸ்காரர் மோனியே தோட்டக்காரர்; அவர் செய்தது செடித்தொட்டி. 1875இல் பிரான்ஸின் ஷாஸ்லேயில் அவர் கட்டிய பாலத்தின் கைப்பிடி, மரக்கிளை போலவே வார்த்த சிமெண்ட். நாம் குடியிருக்கும் ஆர்.சி.சி. வீடுகளுக்கு இந்தத் தோட்ட வேலையும் ஒரு மூதாதை. அதைக் கேலி பேசாதீர்கள்.

இன்னொருவர்: கிருஷ்ணகிரி அண்ணன் சொல்றதுதான் சரி, கல்லு கல்லுதான்.

பதில்: சரி, நீங்களும் கல்லையே நடுங்கள். கான்கிரீட் வார்ப்பவர்கள் கேட்கட்டும்.

கேள்வி: அச்சுக்குப் பழைய என்ஜின் ஆயில் தடவலாமா?

பதில்: கறை ஏறும், மேலே நிறமும் பிடிக்காது. கடையில் மோல்டு ஆயில் கேளுங்கள். துணியால் மெல்லிசாகத் துடைத்தால் போதும்.

கேள்வி: வெள்ளையா பூத்திருக்கு. என்ன பண்ண?

பதில்: உள்ளிருந்து ஈரத்தோடு வரும் சுண்ணாம்பு. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். முதலிலேயே தண்ணீர் விட்டால் மறுபடி உள்ளே இறங்கும். அடியில் மட்டும் பூத்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. கலவைக்கு உப்புப் போர் தண்ணீர் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: எத்தனை நாள் தண்ணி விடணும்?

பதில்: பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். ஈரச்சாக்கு சுற்றி, சாக்கு காயாமல்.

கேள்வி: தினமும் ரெண்டு வேளை தெளிச்சா போதுமா?

பதில்: சாக்கு காயாமல் என்றால் காயாமல்தான் தம்பி. சித்திரை வெயிலில் இரண்டு வேளை எந்த மூலைக்கு?

கேள்வி: கடல் மணல் கழுவிப் போட்டா?

பதில்: உப்புக்குச் சொன்ன பதிலேதான்.

கேள்வி: போர்டிகோவைத் தாங்க இதே தூண் நாலு போதுமா?

பதில்: போதாது. கூரை தாங்கும் தூணை இன்ஜினியர் கணக்குப் போட்டு, அஸ்திவாரத்தோடு அங்கேயே வார்க்க வேண்டும். அதன் மேல் கல் தோற்றம் பூசுவது எப்படி என்று கேளுங்கள், அடுத்த தடவை சொல்கிறேன்.