கடையை விட்டு நகர முடியாதவர் மார்க்கெட்டிங் செய்வது எப்படி?

கேள்வி: சிறு கடை நடத்துகிறேன். மார்க்கெட்டிங்குக்கென்று தனியாக ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பாதியில் நின்றுபோகாமல் தொடர்ந்து செய்கிற மாதிரி எளிய வழி ஏதாவது இருக்கிறதா?

திருப்பூர் பக்கம் சின்னதாக ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். பருப்பு வாங்குவது, காய வைப்பது, ஆட்டுவது, பாட்டிலில் பிடிப்பது, கல்லாவில் உட்காருவது எல்லாமே நானும் என் மனைவியும், உதவிக்கு ஒரு பையனும்தான். அதனால் உங்கள் நிலைமை நன்றாகவே புரிகிறது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கடை ஆரம்பித்த வருஷம் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கொடுத்தேன். பொங்கலுக்குக் கரும்புப் படம், அன்னையர் தினத்துக்கு அம்மா படம், மூலையில் என் கடை பெயர் என்று தினம் ஒரு போஸ்ட் போட்டார்கள். லைக்குக்குக் குறைவில்லை. ஆனால் அதில் பாதி சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு துபாயிலிருந்து யார் வரப்போகிறார்கள்? சரி, நாமே செய்வோம் என்று ரீல்ஸ் எடுக்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் செக்கு உலக்கையில் விரிசல் விட்டது, தச்சரைத் தேடி அலைந்ததில் ரீல்ஸ் நின்றுபோனது. ஏன் போடவில்லை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஆனால் செக்கு ஓடாத அந்த வாரம், எண்ணெய் எப்போது கிடைக்கும் என்று முப்பது பேராவது போன் போட்டிருப்பார்கள். யாரோடு பேச வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது என்னுடைய மார்க்கெட்டிங் என்றால் ஒரு நீளமான கணக்கு நோட்டுதான். வாங்குபவர் பெயர், போன் நம்பர், எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், தேதி. அவ்வளவுதான் எழுதுவேன். ஒரே ஆள் மூன்று தடவை வாங்கிவிட்டால் அந்த வீட்டுக் கணக்கு நமக்குப் பிடிபட்டுவிடும். ஒரு அக்கா இரண்டு லிட்டர் கடலை எண்ணெயும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் வாங்கினால் சரியாக இருபத்தைந்து நாள் வரும். இருபத்திரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி போடுவேன்: "அக்கா, கடலெண்ணெய் தீர்ற நேரம்னு நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆட்டுனது, வெள்ளிக்கிழமை தெளிஞ்சிரும். எடுத்து வைக்கட்டுங்களா?"

தள்ளுபடி கிடையாது, படம் கிடையாது. "எடுத்து வைக்கட்டுங்களா" என்கிற கேள்விக்குப் பெரும்பாலும் "வைங்க தம்பி" என்றுதான் பதில் வரும். ஒரு பாட்டியம்மா கடைக்கே வந்து, "ஏங் கண்ணு, எங்கூட்டு எண்ணெய் தீர்ந்தது உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். அதற்கப்புறம் அவருடைய மகள் வீட்டு நம்பரையும் அவரே எழுதிவிட்டுப் போனார்.

இதைத் தனித்தனியாக அனுப்புகிறேன். எல்லாருக்கும் பொதுவான சேதி, அதாவது என்றைக்கு ஆட்டுகிறோம், எப்போது லீவு என்பது மட்டும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் போகும்; ஒரே சேதியைப் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் தனித்தனியாகக் கொண்டு சேர்க்கும் வசதி அது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். இதில் எனக்கு நேர்ந்த ஒரு வேடிக்கை: முதல் இரண்டு மாதம் பாதிப் பேருக்குச் சேதியே போய்ச் சேரவில்லை. நம்முடைய நம்பரை அவர்கள் போனில் சேவ் செய்திருந்தால்தான் பிராட்காஸ்ட் போகும். இது தெரியாமல் ஆளே வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது பில் போடும்போதே, "நம்பர சேவ் பண்ணிக்கிறீங்களா? ஆட்டுற அன்னைக்குச் சொல்றேன்" என்று கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். கேட்காமல் அனுப்பினால் பிளாக் செய்வார்கள்; நிறையப் பேர் புகார் அடித்தால் கணக்கே முடங்கலாம். குரூப் மட்டும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்த குரூப்பில் ஒரு மாதத்துக்குள் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவே என் எண்ணெயைக் காணோம்.

என்ன எழுதுவது என்று மண்டையைக் குடைந்துகொள்ளவும் தேவையில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்று ஆட்கள் கேட்பதையே எழுதினால் போதும். மார்கழி பிறந்தால் என்னிடம் தினமும் வரும் கேள்வி, தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது, ஏதாவது கலந்திருக்கிறீர்களா என்பது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத்தான் செய்யும், வெயிலில் வைத்தால் இளகிவிடும் என்று ஒருமுறை எழுதி, கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'குயிக் ரிப்ளை'யாக, அதாவது தட்டினால் வந்துவிடும் தயார் பதிலாகச் சேமித்துவிட்டேன். வருஷா வருஷம் அதே பதில்தான். செக்குக் கடலை எண்ணெய் விலை ஏன் கூடுதல் என்பதற்கும் அப்படித்தான்: ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ பருப்பு போகிறது, பருப்பு விலையை நீங்களே பெருக்கிப் பாருங்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். பேரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்துவிடுங்கள், அதற்குக் காசு இல்லை. குத்தியிருக்கும் இடம் சரியா என்று மட்டும் வேறொருவர் போனிலிருந்து பார்த்துவிடுங்கள். என் கடை கொஞ்ச நாள் பின் தெருவில் ஒரு தையற்கடை வாசலில் இருந்தது. அந்த டெய்லர் அண்ணன்தான் பாவம், எல்லாருக்கும் வழி சொல்லி அலுத்துப்போனார். ரெவ்யூ போட்டால் தள்ளுபடி என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது. திரும்பத் திரும்ப வருபவரிடம் வாய்விட்டுக் கேட்டாலே எழுதுகிறார்கள்.

செலவென்று பார்த்தால், வருஷத்துக்கு ஒருமுறை சிவகாசியில் அடிக்கும் தினசரி காலண்டர் மட்டும்தான். பழைய காலத்து வேலை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நல்ல நேரம் பார்க்கவும் அமாவாசை பார்க்கவும் வீட்டில் தினமும் ஒருவர் அந்தத் தாளைக் கிழிக்கிறார், அதன் மேலே என் கடை பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. அதைச் சமையலறைச் சுவரில் மாட்டச் சொல்லித்தான் கொடுப்பேன்.

நேரம் என்று பார்த்தால், செக்குக்கு ஓய்வு கொடுக்கும் புதன்கிழமை சாயங்காலம் அரை மணி. நோட்டைப் புரட்டி, அந்த வாரம் யார் யாருக்கு எண்ணெய் தீரும் என்று பென்சிலால் டிக் அடிப்பேன், டீ ஆறுவதற்குள் சேதிகள் போய்விடும். என் மகள் இதை எக்செலில் ஏற்றித் தருகிறேன் என்று போன லீவில் உட்கார்ந்தாள். எண்ணெய்க் கறையில் பாதி நம்பர் படிக்க முடியவில்லையாம். இப்போது நோட்டுக்கு பிளாஸ்டிக் அட்டை போட்டிருக்கிறேன்.