உணவு கேள்வி-பதில்: கடலையை நிறுத்தினா கொலஸ்ட்ரால் குறையுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயசு. போன மாசம் ரத்த டெஸ்ட்ல டோட்டல் கொலஸ்ட்ரால் 240, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 160, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கற இன்னொரு வகைக் கொழுப்பு) 210. மூணு மாசம் சாப்பாட்டுல கண்ட்ரோல் பண்ணுங்க, அப்புறம் மாத்திரை பத்தி பேசலாம்னு டாக்டர் சொன்னாரு. அன்னையிலேர்ந்து மாமியார் முட்டை, வேர்க்கடலை, கடலெண்ணெய் எல்லாத்தையும் நிறுத்திட்டு "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு போட்ட பாமாயில் பாக்கெட்டா வாங்குறாங்க. இது சரியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியில்லைங்க, அத்தைகிட்ட பக்குவமா எடுத்து சொல்லுங்க. கடலை, எள்ளு, தேங்கா, பாமாயில்னு எந்த தாவர எண்ணெயிலயும் சொல்லிக்கற அளவுக்கு கொலஸ்ட்ரால் கிடையாது, அதனால பாக்கெட்ல போட்டிருக்கறதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. நாம பாக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது குளிர்ந்தா உறையற வகைக் கொழுப்பு, எவ்வளவுங்கறதைத்தான், அது கூடினா ரத்தத்துல இருக்கற எல்டிஎல்லை கல்லீரல் இழுத்துக்கறது குறைஞ்சு போயிடும். பாமாயில்ல அது கிட்டத்தட்ட பாதி, தேங்காயெண்ணெயில 80 சதவீதத்துக்கும் மேல, கடலெண்ணெய்லயும் நல்லெண்ணெய்லயும் அஞ்சுல ஒரு பங்குக்குள்ளதான். ரேஷன்ல கிடைக்குற பாமாயிலை நம்பித்தான் நிறைய வீட்ல அடுப்பு எரியுது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா இவருக்கு தாளிக்கறது வதக்கறது எல்லாம் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ இருக்கட்டும். எதுவானாலும் ஆளுக்கு மாசம் அரை லிட்டர், அவ்ளோதான். வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வெச்சு மறுபடி காய வைக்காதீங்க, பேக்கரி பப்ஸையும் விட்டுடுங்க.

வேர்க்கடலையை நிறுத்தினதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. தினம் ஒரு கைப்பிடி அவிச்சோ வறுத்தோ, உப்பு கம்மியா, சாயங்காலம் மிக்சர் சாப்பிடற நேரத்துக்கு அதைக் குடுங்க. முட்டை வாரத்துக்கு மூணு நாலு முழுசா சாப்பிடலாம், அதுக்கு மேல வேணும்னா வெள்ளைக்கரு மட்டும்.

எதைக் குறைக்கறதுன்னு எல்லாரும் கேக்குறாங்க, எதைச் சேக்கறதுன்னு கேக்கறவங்க கம்மி. 2003ல கனடாவுல டொராண்டோவைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ்ங்கற டாக்டர் குழு, கொலஸ்ட்ரால் அதிகமா இருந்த 46 பேரை வெச்சு ஒரு மாசம் சோதனை பண்ணினாங்க. ஒரு பிரிவுக்கு பாதாம், சோயா, ஓட்ஸ், பார்லி, இசப்கோல், தாவர ஸ்டெரால் (குடல்ல கொலஸ்ட்ரால் ஏறாம தடுக்கற தாவரப் பொருள்) கலந்த மார்ஜரின் (வெண்ணெய்க்கு பதிலா தடவறது), அதோட நம்ம வெண்டைக்காயும் கத்திரிக்காயும்! அவங்களுக்கு எல்டிஎல் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைஞ்சுது, லோவாஸ்டாட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரை போட்ட பிரிவுக்கு 31. சாப்பாடெல்லாம் அவங்களே அளந்து குடுத்தாங்க, வீட்ல அவ்ளோ இறங்காது, ஆனா வழி அதுதான்.

வெண்டைக்காயை நறுக்கும்போது கையில ஒட்டுதே அந்த கொழகொழப்பு, அதுதான் கரையும் நார்ச்சத்து. குடல்ல பித்த உப்பைப் பிடிச்சு வெளியே தள்ளிடும், புதுசா பித்தம் செய்ய கல்லீரல் ரத்தத்துலேர்ந்து கொலஸ்ட்ராலை எடுக்க வேண்டி வரும், அப்படித்தான் எல்டிஎல் இறங்குது. நாம என்ன பண்றோம்னா அந்த கொழகொழப்பு போகணும்னு நாலு கரண்டி எண்ணெய ஊத்தி மொறுமொறுன்னு வறுத்து எடுக்கறோம். அதை விட்டுட்டு மோர்க்குழம்புலயோ சாம்பார்லயோ போடுங்க. காலையில ஓட்ஸ் கஞ்சி, இல்லன்னா பார்லி கஞ்சி. ஓட்ஸ்ல இருக்கற பீட்டா குளுக்கன்ங்கற கரையும் நார்ச்சத்து நாளைக்கு 3 கிராம் போனா பலன் தெரியும், அதுக்கு 70 கிராம் போல ஓட்ஸ் வேணும், ஒரே வேளையில முடியலன்னா ராத்திரி உப்புமாவா பண்ணிக்குங்க. மதியம் தட்டப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளுன்னு ஏதாவது ஒரு சுண்டல்.

இன்னொண்ணு, ட்ரைகிளிசரைடு 210ங்கறது எண்ணெயால மட்டும் வர்றதில்ல, மலையா குவிச்ச சோறு, சக்கரை போட்ட டீ, குடிப்பழக்கம் இருந்தா அதுவும். சோத்தைப் பாதியாக்கி காயை ரெண்டு மடங்காக்குங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்க.

கேள்வி: அப்பாவுக்கு மாத்திரை போட்டு எல்டிஎல் 90க்கு வந்துடுச்சு. இனிமே பூண்டுப் பால் மட்டும் குடிச்சா போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாங்க. 90க்கு வந்ததே மாத்திரையால, நிறுத்தினா சில வாரத்துலயே பழைய நம்பருக்கு ஏறிடும். பூண்டு குறைக்கறது ரொம்ப கொஞ்சம், சமையல்ல தாராளமா சேருங்க, ஆனா மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவரோ ஸ்டென்ட் வெச்சவரோன்னா ஒரு நாள் கூட விடாதீங்க. கை கால் வலி மாதிரி ஏதாவது இருந்து நிறுத்தத் தோணுதுன்னா அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவைக் குறைப்பாரு இல்ல வேற மாத்திரை மாத்தித் தருவாரு.